எலக்ட்ரீஷியன் உரிமமும் தொடர்கல்வி மணிநேரமும்: அமெரிக்காவில் வேலை செய்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

என்னோடு நெடுநாள் வேலை செய்த ஒருவர், உரிமத்தைப் புதுப்பிப்பதற்காக 24 மணி நேரம் வகுப்புகளில் உட்கார்ந்து முடித்திருந்தார். சான்றிதழ்களை ஓர் உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார். விண்ணப்பித்தபோது நான்கு மணி நேரம் குறைகிறது என்று பதில் வந்தது. நாங்கள் இருவரும் மேசையில் பரப்பிக் கூட்டிப் பார்த்தோம். 24 சரியாகத்தான் இருந்தது. வாஷிங்டன் மாநிலத்தில் அந்த 24 மணியில் 4 மணி மாநில மின்சாரச் சட்டத்தையும் விதிகளையும் பற்றியதாக இருக்க வேண்டும். அவர் அந்த நேரத்தையும் சேர்த்துச் சூரிய மின்சார வகுப்பில் செலவிட்டிருந்தார். மணிக்கணக்கு சரி, வகைக்கணக்கு தவறு. உரிமம் காலாவதியாக அப்போது ஒன்பது நாள்தான் மிச்சம்.

தொடர்கல்வியில் பெரும்பாலான சிக்கல்கள் இப்படித்தான் வருகின்றன. படிக்காதவர்களைவிட, படித்தும் அந்த மணிநேரம் கணக்கில் ஏறாமல் தவிப்பவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். சரியான உரிமத்துக்கு, சரியான வகையில், அங்கீகாரம் பெற்ற நிறுவனத்திடம், சரியான காலத்துக்குள் படித்தால்தான் அந்த மணிநேரம் உங்களுடையது. கீழே உள்ள படிகளை அந்த வரிசையிலேயே வைத்திருக்கிறேன்.

முதல் படி: கையில் உள்ள உரிமம் எது, கொடுத்தது யார்

அமெரிக்காவில் எலக்ட்ரீஷியனுக்கு நாடு முழுவதற்குமான ஒரே உரிமம் கிடையாது. டெக்சாஸ், வாஷிங்டன், ஓரிகன், மினசோட்டா, மாசசூசெட்ஸ் போன்ற மாநிலங்களில் மாநில அரசே தருகிறது. நியூயார்க், இலினாய், பென்சில்வேனியா ஆகியவற்றில் மாநில அளவிலான எலக்ட்ரீஷியன் உரிமம் இல்லை. நகராட்சியோ கவுன்டியோ (மாவட்டம் போன்ற உள்ளூர் நிர்வாகம்) தருகிறது. ஆகவே பக்கத்து மாநிலத்தில் வேலை செய்யும் நண்பர் சொல்லும் விதி உங்களுக்குப் பொருந்த வேண்டிய அவசியமில்லை. பல நேரங்களில் பொருந்துவதும் இல்லை.

அட்டையை எடுத்துப் பாருங்கள். ஜர்னிமேனா (பயிற்சி முடித்துத் தேர்ச்சி பெற்றவர்), மாஸ்டரா (அதற்கு மேல்நிலை உரிமம் பெற்றவர்), ஒப்பந்ததாரரா, குறைந்த மின்னழுத்த வேலைக்கு மட்டுமான உரிமமா? ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு மணிநேரம் இருக்கலாம். ஒருவரிடமே இரண்டு உரிமங்கள் இருந்தால் இந்தக் குழப்பம் இன்னும் கூடும். கலிஃபோர்னியாவில் சி-10 எனப்படும் மின்வேலை ஒப்பந்ததாரர் உரிமம் வைத்திருப்பவருக்கு அதைப் புதுப்பிக்கத் தொடர்கல்வி தேவையில்லை. ஆனால் அதே மனிதர் சான்றளிக்கப்பட்ட எலக்ட்ரீஷியனாகவும் இருந்தால், அந்தச் சான்றைப் புதுப்பிக்க மூன்று ஆண்டுகளில் 32 மணி நேர வகுப்பும் 2,000 மணி நேர வேலை அனுபவமும் காட்ட வேண்டும். ஒன்றுக்கு இல்லை என்று கேள்விப்பட்டு மற்றதையும் கைவிட்டால் சான்று போய்விடும்.

உரிம எண், வகை, காலாவதி தேதி, வழங்கிய அமைப்பின் பெயர் நான்கையும் ஒரு தாளில் எழுதுங்கள். அடுத்து வரும் எல்லாவற்றுக்கும் இந்தத் தாள்தான் அடிப்படை.

இரண்டாம் படி: எத்தனை மணி, அதற்குள் என்னென்ன வகை

உரிமம் வழங்கும் அமைப்பின் இணையதளத்தில் புதுப்பித்தல் பகுதிக்குப் போய் மூன்று விஷயங்களைத் தேடுங்கள்: மொத்த மணிநேரம், அதன் உட்பிரிவு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும் என்பது. மாநிலத்துக்கு மாநிலம் இது எவ்வளவு மாறுகிறது என்பதற்குச் சில எடுத்துக்காட்டுகள்.

டெக்சாஸில் ஜர்னிமேனும் மாஸ்டரும் ஆண்டுதோறும் புதுப்பிக்கிறார்கள். ஆண்டுக்கு 4 மணி நேரம் போதும். அந்த நான்கு மணிக்குள் தேசிய மின் விதித்தொகுப்பு (மின்வேலை விதிகளின் புத்தகம்), மாநிலச் சட்டமும் விதிகளும், மின் பாதுகாப்பு ஆகிய மூன்றும் அடங்க வேண்டும். மினசோட்டாவில் இரண்டு ஆண்டுகளுக்கு 16 மணி; அதில் குறைந்தது 12 விதித்தொகுப்பைப் பற்றியது. மாசசூசெட்ஸில் மூன்று ஆண்டுக்கு 21 மணி: 15 விதித்தொகுப்புக்கு, 6 தொழில் வளர்ச்சிக்கு. ஐடஹோவில் மூன்று ஆண்டுக்கு 24 மணி. அதில் 8 மணி விதித்தொகுப்பில் வந்த மாற்றங்களுக்கு. அயோவாவில் மூன்று ஆண்டுக்கு 18. அதில் 6 விதித்தொகுப்புக்கு. வாஷிங்டனில் மூன்று ஆண்டுக்கு 24, அதில் 8 மணி விதித்தொகுப்பின் மாற்றங்கள், 4 மணி மாநிலச் சட்டம்.

இந்த எண்களை அளவு புரிவதற்காகத்தான் தந்திருக்கிறேன். விதிகள் திருத்தப்படும்; பணம் கட்டுவதற்கு முன் உங்கள் அமைப்பின் பக்கத்தில் அன்றைய நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பார்த்ததும், மொத்தத்தை மட்டும் எழுதாமல் வகைவாரியாகக் கட்டம் போட்டு எழுதுங்கள். வாஷிங்டன் உரிமம் என்றால் '8 மாற்றங்கள், 4 மாநிலச் சட்டம், 12 பிற' என்று மூன்று கட்டம். ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் அதற்குரிய கட்டத்தில் குறியுங்கள். என் நண்பர் இதைச் செய்திருந்தால் அந்த ஒன்பது நாள் பதற்றமே இருந்திருக்காது.

அலகு பற்றியும் ஒரு வார்த்தை. சில சான்றிதழ்களில் மணிநேரத்துக்குப் பதிலாகத் தொடர்கல்வி அலகு என்று போட்டிருப்பார்கள். ஓர் அலகு என்பது 10 வகுப்பு மணிநேரம். 0.8 என்று பார்த்துவிட்டு ஒரு மணிகூட இல்லையே என்று பயப்பட வேண்டாம். அது 8 மணி நேரம்.

மூன்றாம் படி: உங்கள் மாநிலத்தில் நடப்பது எந்தப் பதிப்பு

என்.ஈ.சி. என்று வேலையிடத்தில் எல்லோரும் சொல்லும் தேசிய மின் விதித்தொகுப்பு முதலில் 1897-இல் வெளிவந்தது. இப்போது அதைத் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் (என்.எஃப்.பி.ஏ.) மூன்று ஆண்டுக்கு ஒருமுறை திருத்தி வெளியிடுகிறது: 2017, 2020, 2023, 2026. ஆனால் புத்தகம் அச்சாகி வந்த நாளிலேயே அது சட்டமாகிவிடுவதில்லை. ஒவ்வொரு மாநிலமும் தனக்கு வேண்டிய திருத்தங்களோடு, தனக்கு வசதியான தேதியில் ஏற்றுக்கொள்கிறது. டெக்சாஸ் 2023 பதிப்பை அதே ஆண்டு செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கலிஃபோர்னியாவிலோ 2026 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள மாநில மின் விதித்தொகுப்பின் பெயர் 2025 பதிப்பு. அதற்கு அடிப்படையோ 2023 தேசியப் பதிப்பு. கடையில் 2026 புத்தகம் கிடைக்கும்போதும் ஆய்வாளர் கையில் இருப்பது இதுதான்.

இதனால் வகுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது எந்தப் பதிப்பைப் பற்றியது என்று கேட்பது கட்டாயம். விதித்தொகுப்பு மாற்றங்களுக்கான மணிநேரம் நடப்பில் உள்ள பதிப்பைப் பற்றியதாக இருந்தால்தான் ஏற்போம் என்று சில அமைப்புகள் சொல்கின்றன. பழைய பதிப்பு வகுப்பு மலிவாகக் கிடைக்கிறதே என்று சேர்ந்தால் நேரமும் பணமும் போகும்.

உங்கள் மாநிலம் பதிப்பு மாறும் தறுவாயில் இருந்தால் என் யோசனை இது: முடிந்தால் காத்திருந்து புதிய பதிப்பின் வகுப்பையே எடுங்கள். எப்படியும் சில மாதங்களில் அதன்படிதான் வேலை செய்யப் போகிறீர்கள். காலாவதி தேதி நெருங்கிவிட்டது என்றால் மட்டும் பழையதை எடுத்து முடியுங்கள்.

நான்காம் படி: வகுப்பைத் தேர்ந்தெடுப்பது

விளம்பரத்தில் 'எல்லா மாநிலங்களிலும் செல்லும்' என்று இருப்பதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். உங்கள் அமைப்பின் இணையதளத்திலேயே அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்களின் அல்லது வகுப்புகளின் பட்டியல் இருக்கும். வகுப்பின் பெயரையும் அங்கீகார எண்ணையும் அந்தப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். பட்டியலில் நிறுவனம் இருந்தும் நீங்கள் எடுக்கும் குறிப்பிட்ட வகுப்பு இல்லாமல் போகலாம். வகுப்பின் அங்கீகாரத்துக்கும் காலாவதி தேதி உண்டு. நீங்கள் முடிக்கும் நாளில் அது உயிரோடு இருக்க வேண்டும்.

சேருவதற்கு முன் நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்துக் கேளுங்கள். என் உரிம வகைக்கு இந்த வகுப்பு எந்தக் கட்டத்தில் எத்தனை மணியாகக் கணக்கிடப்படும்? முடித்த பிறகு அமைப்புக்கு நீங்களே தெரிவிப்பீர்களா, நான் அனுப்ப வேண்டுமா? தெரிவிக்க எத்தனை நாளாகும்? நேர்மையான நிறுவனம் தயங்காமல் பதில் சொல்லும். மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.

இணையவழியா, நேரடி வகுப்பா என்ற கேள்விக்கு முதலில் உங்கள் மாநில விதியைப் பாருங்கள். இணையவழி மணிநேரத்தை ஏற்கும் முறை இடத்துக்கு இடம் மாறுகிறது. இரண்டும் செல்லும் என்றால், சட்டமும் விதிகளும் பற்றிய பகுதியை இணையத்தில் முடித்துவிடலாம், அது படித்துத் தெரிந்துகொள்ளும் விஷயம். விதித்தொகுப்பு மாற்றங்களை மட்டும் நேரடி வகுப்பில் படியுங்கள் என்பேன். பத்து பேர் பத்து வேலையிடங்களில் பட்ட அனுபவத்தைச் சொல்லிக் கேள்வி கேட்கும்போதுதான் அந்த வரிகள் உயிர் பெறுகின்றன.

வேலையிடப் பாதுகாப்புக்கான 10 மணி நேர அட்டை, உற்பத்தியாளர்கள் நடத்தும் பயிற்சி, முதலுதவிப் பயிற்சி ஆகியவை தானாகவே தொடர்கல்வியாகக் கணக்கில் ஏறாது. சில இடங்களில் ஏற்பார்கள், சில இடங்களில் ஏற்கமாட்டார்கள். முன்கூட்டியே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: வகுப்பில் உட்காரும்போது

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பலரும் இந்த மணிநேரத்தை அட்டைக்குக் கொடுக்கும் விலையாகவே நினைக்கிறார்கள். வேலை முடிந்து களைத்து வந்து, கணினியை ஓடவிட்டுவிட்டு, திரை கேட்கும்போது மட்டும் 'அடுத்து' என்பதை அழுத்துகிறவர்கள் உண்டு. களைப்பு எனக்கும் தெரியும். ஆனாலும் கீழே உள்ள கணக்கைப் பாருங்கள்.

ஒரு வீட்டில் 48 ஆம்பியர் கார் சார்ஜர் பொருத்த வேண்டும். கார் மணிக்கணக்கில் சார்ஜ் ஏறும். ஆகவே விதித்தொகுப்பின் 625-ஆம் பிரிவு அதைத் தொடர்சுமையாகக் கொள்ளச் சொல்கிறது. தொடர்சுமைக்கு 125 விழுக்காடு. 48 × 1.25 = 60. ஆகவே 60 ஆம்பியர் பிரேக்கர். இதுவரை எல்லோரும் சரியாகச் சொல்லிவிடுவார்கள்.

அடுத்தது ஒயர். ரோமெக்ஸ் என்று எல்லோரும் அழைக்கும் என்.எம்.பி. கேபிளில் 6-ஆம் எண் செம்புச் சுருள் வேனில் கிடக்கிறது. இந்தக் கேபிளுக்கு, ஒயர் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று சொல்லும் விதித்தொகுப்பு அட்டவணையில் 60 டிகிரி செல்சியஸ் நெடுவரிசையைத்தான் பார்க்க வேண்டும். அங்கே 55 ஆம்பியர் என்று இருக்கிறது. பிரேக்கரில் 55 என்ற அளவு இல்லை, அடுத்த அளவு 60, அதற்கு ஏறிக்கொள்ளலாம் என்று விதியே சொல்கிறது, ஆகவே சரி என்று அனுபவசாலிகளே நினைத்துவிடுகிறார்கள். அந்தச் சலுகை பிரேக்கரைத் தேர்ந்தெடுப்பதற்கு மட்டும் உரியது. ஒயர் தாங்க வேண்டியது கணக்கில் வந்த 60 ஆம்பியர், 55 போதாது. அதே 6-ஆம் எண் செம்பைத் தனிக் கம்பிகளாகக் கான்ட்யூட் குழாய்க்குள் இழுத்து, இரு முனை இணைப்புகளும் 75 டிகிரிக்கு மதிப்பிடப்பட்டிருந்தால் 65 ஆம்பியர் தாங்கும், தாராளம். அல்லது சார்ஜரை 40 ஆம்பியருக்கு இறக்கி அமைத்தால் 50 போதும். அதற்கு அந்த ரோமெக்ஸும் 50 ஆம்பியர் பிரேக்கரும் பொருந்தும்.

பழைய மின் அடுப்புச் சுற்றில் இந்த வேறுபாடு பெரிதாக வெளிப்படாது. அடுப்பு முழுச் சுமையில் மணிக்கணக்காக எரிவதில்லை. கார் அப்படியில்லை. இரவு பதினொன்றுக்குத் தொடங்கி விடியும்வரை ஒரே அளவில் இழுத்துக்கொண்டிருக்கும், வீட்டில் எல்லோரும் தூங்கும் நேரத்தில். நான் எலக்ட்ரீஷியனாகப் பழகிய காலத்தில் இப்படி ஒரு சுமை வீடுகளில் இருந்ததே இல்லை. இது தெரிந்த வேலையில் வந்த தெரியாத மாற்றம். தொடர்கல்வி இதற்காகத்தான் இருக்கிறது.

இன்னும் சில மாற்றங்களைச் சொல்கிறேன். மின்கசிவைக் கண்டு 4 முதல் 6 மில்லி ஆம்பியருக்குள் சுற்றைத் துண்டிக்கும் ஜி.எஃப்.சி.ஐ. பாதுகாப்பு, சமையலறையில் மேடை மீதுள்ள பிளக்குகளுக்குப் போதும் என்று இருந்தது. 2023 பதிப்பில் சமையலறையின் எல்லாப் பிளக்குகளுக்கும் வந்துவிட்டது. குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் மறைந்திருக்கும் பிளக்கும் இதில் சேர்த்தி. 2020 பதிப்பில் ஒரு குடும்ப, இரு குடும்ப வீடுகளுக்குத் தீயணைப்பு வீரர்கள் எளிதில் அடையும்படி வெளியே அவசர மின்துண்டிப்பான் வைக்கும் விதி நுழைந்தது. வீட்டு மின் வரத்துக்கு, மின்னழுத்தம் திடீரென எகிறும்போது காக்கும் அலைமிகைத் தடுப்பானும் (சர்ஜ் புரொடெக்டர்) அதே பதிப்பில் கட்டாயமானது. 2026 பதிப்பில் நாம் மனப்பாடமாக 220 என்று சொல்லும் சுமைக் கணக்குப் பிரிவே 120-க்கு இடம் மாறியிருக்கிறது. பழைய எண்ணில் புரட்டினால் கை வெறுமையாகத் திரும்பும்.

வகுப்புக்குப் போகும்போது உங்கள் விதித்தொகுப்புப் புத்தகத்தையே எடுத்துப் போங்கள். மாற்றம் சொல்லப்படும்போது அந்தப் பக்கத்தில் பென்சிலால் குறித்து, அதை எந்த வேலையிடத்தில் சந்தித்தீர்கள் என்று ஓரத்தில் ஒரு சொல் எழுதுங்கள். கேட்க வேண்டிய சந்தேகங்களை வேலையின்போதே தொலைபேசியில் படமெடுத்துச் சேர்த்து வைத்திருந்தால் இன்னும் நல்லது. 'இந்தப் பேனலில் இதை எப்படிச் செய்திருக்க வேண்டும்?' என்று படத்தைக் காட்டிக் கேட்கும் கேள்விக்குப் பயிற்றுநர் தரும் பதில், நாள் முழுவதும் ஓடும் விளக்கப்படங்களைவிட மதிப்பு மிக்கது.

மின்னோட்டம் உள்ள கருவிகளில் பாதுகாப்பாக வேலை செய்வது பற்றிய என்.எஃப்.பி.ஏ. 70-ஈ வகுப்பு உங்கள் மாநிலத்தில் கட்டாயமாக இல்லாவிட்டாலும், பிற மணிநேரக் கட்டத்தில் அதை எடுங்கள். மின்வில் (காற்றின் ஊடே பாயும் மின்சாரம்) வெடிக்கும்போது அதன் மையத்தில் வெப்பம் 19,000 டிகிரி செல்சியஸைத் தொடலாம். மெயினை அணைத்து, பூட்டுப் போட்டு, மீட்டரால் சரிபார்த்த பிறகே கை வைக்கும் பழக்கத்தை எத்தனை முறை படித்தாலும் மிகையாகாது.

ஆறாம் படி: நாட்காட்டி

மூன்று ஆண்டுச் சுழற்சியில் 24 மணி என்றால் ஆண்டுக்கு 8 மணி, ஒரு சனிக்கிழமை. கடைசி மாதத்தில் மூன்று நாள் தொடர்ந்து உட்காருவதைவிட இது உடம்புக்கும் நல்லது, மனத்திலும் நிற்கும். காலாவதிக்கு மூன்று மாதம் முன்பே எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனம் தெரிவிக்க ஆகும் நாள், பெயரில் எழுத்துப் பிழை, உரிம எண்ணில் ஒரு இலக்கம் மாறுவது ஆகியவற்றைச் சரிசெய்ய அந்த இடைவெளி வேண்டும்.

சில அமைப்புகளின் காலக்கெடு எல்லோருக்கும் ஒரே நாள். ஓரிகனில் ஜர்னிமேன் உரிமம் அக்டோபர் 1-இல் முடிகிறது. மாசசூசெட்ஸில் ஜூலை 31. அத்தகைய மாநிலங்களில் கடைசி வாரங்களில் வகுப்பில் இடமே கிடைக்காது.

முந்தைய சுழற்சியில் கூடுதலாகப் படித்த மணிநேரம் அடுத்ததற்கு வரும் என்று எண்ணிவிடாதீர்கள். ஒரே வகுப்பை ஒரே சுழற்சியில் இரண்டு முறை எடுத்து இரண்டு முறை கணக்கிடுவதும் செல்லாது.

ஏழாம் படி: மணிநேரம் பதிவாகிவிட்டதா என்று பார்ப்பது

வகுப்பு முடிந்து இரண்டு வாரத்தில் உங்கள் இணையக் கணக்கில் நுழைந்து அந்த மணிநேரம் ஏறியிருக்கிறதா, சரியான வகையில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதலில் நிறுவனத்தைக் கேளுங்கள். பல நேரங்களில் உரிம எண்ணைத் தவறாகப் பதிந்திருப்பார்கள். ஒரே மின்னஞ்சலில் சரியாகிவிடும்.

சான்றிதழில் உங்கள் பெயர், உரிம எண், வகுப்பின் அங்கீகார எண், தேதி, மணிநேரம் ஐந்தும் இருக்க வேண்டும். அச்சிட்ட ஒரு நகல், கணினியில் ஒரு நகல் வைத்திருங்கள். நீங்களே உறுதிமொழி கொடுத்துப் புதுப்பிக்கும் மாநிலங்களில் பின்னால் தணிக்கைக்கு அழைப்பார்கள். அப்போது இந்த நகல்கள்தான் பேசும். குறைந்தது இரண்டு சுழற்சிக்காவது வைத்திருங்கள். வகுப்பு நடத்தும் நிறுவனம் மூடிப்போனால் நகல் கேட்க ஆள் இருக்காது.

இரண்டு மாநில உரிமம் இருந்தால்

ஒரே வகுப்பு இரண்டு மாநிலங்களிலும் அங்கீகாரம் பெற்றிருந்தால் விதித்தொகுப்பு மணிநேரத்தை இரண்டுக்கும் பயன்படுத்த முடியலாம். அப்படியானால் இரண்டு உரிம எண்ணையும் சேரும்போதே கொடுங்கள். மாநிலச் சட்டம் பற்றிய மணிநேரம் மட்டும் தனித்தனி. வாஷிங்டன் சட்டம் படித்தது ஓரிகனுக்கு உதவாது. மாநிலங்களுக்கிடையே உரிமத்தை ஏற்றுக்கொள்ளும் ஒப்பந்தம் இருந்தாலும், அது உரிமம் பெறுவதற்கான வழிதான். பெற்ற பிறகு அந்த மாநிலத்தின் தொடர்கல்வி விதி உங்களையும் கட்டும்.

காலக்கெடு தவறிவிட்டால்

முதலில் வேலையை நிறுத்துங்கள். காலாவதியான உரிமத்தோடு வேலை செய்வது தாமதக் கட்டணத்தைவிடப் பெரிய குற்றம். நீங்கள் செய்த வேலையால் வீட்டுக்காரருக்கும் முதலாளிக்கும் சிக்கல் வரும். முதலாளியிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

அடுத்து எத்தனை நாள் கடந்தது என்று எண்ணுங்கள். டெக்சாஸில் 90 நாளுக்குள் என்றால் கட்டணம் ஒன்றரை மடங்கு. அதற்கு மேல் 18 மாதம் வரை இரண்டு மடங்கு. வாஷிங்டனில் 90 நாளுக்குள் இரண்டு மடங்கு கட்டணத்தோடு புதுப்பிக்கலாம். அதைத் தாண்டினால் மீண்டும் தேர்வு எழுத வேண்டும். ஆகவே அந்த 90 நாளுக்குள் குறைகிற கட்டங்களை நிரப்புவதே உங்கள் முழுநேர வேலை. அந்த நேரத்தில் பாதி வகுப்புகள் முடிந்திருந்தால் சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு அலுவலகத்தை அழையுங்கள். எது ஏறியிருக்கிறது, எது ஏறவில்லை என்று அவர்களே படித்துச் சொல்வார்கள்.

என் நண்பருக்கு அந்த ஒன்பது நாளில் மாநிலச் சட்ட வகுப்பு ஒன்றில் இடம் கிடைத்தது. ஏழாவது நாள் அவருடைய கணக்கில் நான்கு மணி ஏறியது. புதிய அட்டை வந்த அன்றே, அடுத்த மூன்று ஆண்டுக்கான தாளை எடுத்து '8, 4, 12' என்று மூன்று கட்டம் போட்டு, வேனின் கதவு உறையில் செருகி வைத்தார்.